யூரெயில் பாஸா, தனித்தனி டிக்கெட்டா... குடும்பத்தோடு ஐரோப்பா போனால் எது லாபம்?

பாரிஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி. நம்ம ஊரிலிருந்து குடும்பமாக ஐரோப்பா கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் போடும் ரூட் இதுதான். விமான டிக்கெட்டும் ஹோட்டலும் முடிவான பிறகு ஒரு கேள்வி வந்து நிற்கும். ஊருக்கு ஊர் ரயிலில் போக மொத்தமாக பாஸ் எடுப்பதா, தனித்தனியாக டிக்கெட் போடுவதா? ஒரு யூரோ நூறு ரூபாய் என்ற அளவில் இருக்கும்போது, நாலு பேர் குடும்பத்துக்கு இதில் வரும் வித்தியாசம் சின்ன தொகை இல்லை.

யூரெயில் பாஸில் என்ன கிடைக்கும்?

ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்காக 1959-ல் தொடங்கப்பட்டது யூரெயில். இன்று 33 நாடுகளில் இந்த பாஸ் செல்லும். ஒரு மாதத்துக்குள் நீங்கள் விரும்பும் 4, 5 அல்லது 7 நாட்கள் பயணிக்கலாம். இரண்டு மாதம் என்றால் 10 அல்லது 15 நாட்கள். பயண நாள் என்று குறித்த அன்று நள்ளிரவு முதல் மறு நள்ளிரவு வரை எத்தனை ரயிலிலும் ஏறலாம்.

பெரியவர்களுக்கு இரண்டாம் வகுப்பு 4 நாள் பாஸ் சுமார் 300 யூரோ. அதாவது ஒரு பயண நாளுக்கு ஏறக்குறைய 75 யூரோ. ஒரு பெரியவருடன் 4 முதல் 11 வயது வரையுள்ள இரண்டு குழந்தைகள் இலவசம். ஆனால் பாஸ் வாங்கும்போதே அவர்களுக்கான இலவச பாஸையும் சேர்த்துவிட வேண்டும். பையனுக்கு 12 வயது ஆகிவிட்டால் கதை மாறும். 12 முதல் 27 வரை இளைஞர் பாஸ்தான்; அதிகபட்சம் 25 சதவீதம் தள்ளுபடி. பாஸ் தொடங்கும் நாளில் என்ன வயது என்பதே கணக்கு.

மறைந்திருக்கும் செலவு

பாஸ் கையில் இருந்தாலே சீட் உண்டு என்று நினைத்துவிடக் கூடாது. பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சரோஸா, லண்டன் போகும் யூரோஸ்டார் ஆகியவற்றில் சீட் ரிசர்வேஷன் கட்டாயம், அதற்குத் தனிக் கட்டணம். ஃப்ரெச்சரோஸாவில் ஆளுக்கு சுமார் 13 யூரோ. யூரோஸ்டாரில் 30 யூரோவையும் தாண்டும். பாஸ் இலவசமாக வாங்கிய குழந்தைக்கும் இந்தக் கட்டணம் உண்டு. அதோடு யூரோஸ்டாரில் பாஸ்காரர்களுக்கென ஒதுக்கும் சீட்டே குறைவு. தனி ஆள் எப்படியாவது ஒரு சீட் பிடித்துவிடலாம், நாலு பேருக்கு ஒரே ரயிலில் கிடைப்பது கஷ்டம்.

இப்போது ஃப்ளோரன்ஸிலிருந்து ரோம் போவதை எடுத்துக்கொள்வோம். அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம். பாஸின் ஒரு நாள் மதிப்பு 75, ரிசர்வேஷன் 13, ஆக ஒரு பெரியவருக்கு 88 யூரோ. முன்கூட்டியே பார்த்து எடுத்தால் இதே ரூட்டில் 20 யூரோவை ஒட்டிக்கூட டிக்கெட் கிடைப்பதுண்டு. போட்டி நிறுவனமான இட்டாலோவின் ரயில்களும் இங்கே ஓடுகின்றன, அவற்றில் யூரெயில் பாஸ் செல்லாது என்பதையும் கவனிக்க வேண்டும். ஃப்ரெச்சரோஸாவை இயக்கும் ட்ரெனிட்டாலியாவில் குடும்பத்துக்கென ஒரு சலுகை இருக்கிறது: பெரியவர்கள் முழுக் கட்டணம் கொடுத்தால், உடன் வரும் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். 13 வயதுப் பெண் இருக்கும் வீட்டுக்கு யூரெயிலைவிட இது எவ்வளவோ மேல்.

அப்போ பாஸே வேண்டாமா?

அப்படியும் சொல்ல முடியாது. சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியா உள்நாட்டு ரயில்களில் பெரும்பாலும் ரிசர்வேஷன் கட்டாயமில்லை. காலையில் மழை பெய்கிறதா, வேறு ஊருக்குப் போகலாம் என்று ஸ்டேஷனில் நின்று முடிவெடுக்கலாம். பாஸின் அருமை அங்கேதான் தெரியும்.

சுவிட்சர்லாந்துக்கு மட்டும் தனியாக சுவிஸ் டிராவல் பாஸ் உண்டு. ரயில், பஸ், ஏரிப் படகு, நகர டிராம் எல்லாம் அதில் அடக்கம். ரிகி மலைக்கும் போய்வரலாம். யுங்ஃப்ராவ்யோகுக்கு மட்டும் முழு இலவசம் கிடையாது, தள்ளுபடிதான். 6 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகள் பெற்றோருடன் வந்தால் ஃபேமிலி கார்டில் இலவசம். விலை சும்மா இல்லை, 3 நாளுக்கே 240 பிராங்கைத் தாண்டும். தினமும் ஊர் சுற்றுகிறவர்களுக்குத்தான் அது கட்டுப்படியாகும். ஒரே ஊரில் தங்கி ஒரு மலை மட்டும் ஏறுவதாக இருந்தால் ஹாஃப் ஃபேர் கார்டு போதும்.

ஆக, பாரிஸ்-சுவிஸ்-இத்தாலி ரூட்டுக்கு நம் கணக்கில் கலவைதான் சரி: பிரான்ஸுக்கும் இத்தாலிக்கும் முன்கூட்டியே தனி டிக்கெட், சுவிட்சர்லாந்துக்குள் சுவிஸ் பாஸ்.

விசா வரும் முன் டிக்கெட் போடலாமா?

நம்மவர்களுக்கு மட்டுமே இருக்கும் தலைவலி இது. மலிவு டிக்கெட் மாதக்கணக்கில் முன்னாடியே விற்பனைக்கு வந்துவிடும். ஷெங்கன் விசாவுக்கோ பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், சில நேரம் 45 நாள் வரை இழுக்கும். ஜெர்மனியின் சூப்பர் ஷ்பார்பிரைஸ் மாதிரி அடிமட்ட விலை டிக்கெட்டுகளில் ரத்து செய்தால் பணம் வராது. யூரெயிலில் தொடங்காத பாஸைத் திருப்பிக் கொடுத்தால் பிடித்தம் போக மீதி கிடைக்கும், ஆஃபரில் வாங்கியிருந்தால் அதுவும் கிடையாது. விசா கைக்கு வரும்வரை ரீஃபண்ட் இல்லாத டிக்கெட் பக்கம் போகாமல் இருப்பது நல்லது, விலை கொஞ்சம் ஏறினாலும்.

பாரிஸிலோ டோர்ட்முண்டிலோ குடியிருக்கும் உறவினர் கூட வருகிறாரா? அவருக்கு யூரெயில் கிடைக்காது, இன்டர்ரெயில்தான். வசிக்கும் நாட்டுக்குள் அவர் அதைப் பயன்படுத்த முடிவது வெளியே போக ஒரு முறை, திரும்பி வர ஒரு முறை மட்டுமே. பாரிஸ்காரருக்கு பிரான்ஸுக்குள் சுற்ற தனி டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும்.

பாஸ் எடுத்தவர்கள் ரயிலில் ஏறும் முன், ரெயில் பிளானர் ஆப்பில் அந்த ரயிலைச் சேர்த்துவிட வேண்டும். சேர்க்காமல் ஏறினால் பாஸ் இருந்தும் டிக்கெட் இல்லாத பயணி என்றே அபராதம் போடுவார்கள். இத்தாலியின் சாதாரண ரயிலுக்கு பேப்பர் டிக்கெட் வாங்கினால், பிளாட்பாரத்தில் இருக்கும் மெஷினில் முத்திரை குத்திவிட்டு ஏறுங்கள்.