தோரணம் யார் கட்டுவது?

சென்ற மாதம் நம் சங்கத்தின் செயற்குழுவில் ஒரு சிறு விவாதம் நடந்தது. வரும் பொங்கல் விழாவுக்குப் பந்தல், மேடை, நாற்காலி, மைக் செட், சாப்பாடு எல்லாவற்றையும் ஒரே காண்டிராக்டரிடம் ஒப்படைத்துவிடலாம், அலங்காரமும் அவர் பொறுப்பு என்று யோசனை வந்தது. "மற்றதெல்லாம் சரி, தோரணம் மட்டும் நம் கையில் இருக்கட்டும்" என்றேன். "போயும் போயும் ஒரு தோரணத்துக்கா சார் இவ்வளவு?" என்று ஓர் இளைஞர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நாற்பது வருடம் தண்டவாளத்தோடும் மின்கம்பியோடும் பழகியவனுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. அன்று சொல்ல வராத பதிலை இங்கே எழுதுகிறேன். அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் சிறுவயதில் தோரணம் கடையில் வாங்குகிற பொருளாக இருந்ததில்லை. மாவிலையும் தென்னங்குருத்தும் கொல்லையிலிருந்து வரும். கோயில் திருவிழா என்றால் கலர் காகிதத்தை முக்கோணமாக வெட்டி, மயில்துத்தம் துளி சேர்த்துக் காய்ச்சிய மைதாப் பசையால் சணலில் ஒட்டுவோம். தெருப் பிள்ளைகளுக்கு அது உரிமையுள்ள வேலை. 1981-இல் டிப்ளமோ முடித்த கையோடு ரயில்வேயில் சேர்ந்து குர்தா ரோடுக்கு வந்தபோது, காலனியில் பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. பொங்கலுக்கு முதல் நாள் இரவு ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஹாலில் உட்கார்ந்து காகிதம் ஒட்டியபோதுதான் நாங்கள் ஒருவருக்கொருவர் பழக்கமானோம். கல்யாணமாகி வந்த என் மனைவிக்கு இந்த ஊரில் முதல் தோழி கிடைத்தது அந்தப் பசைச் சட்டிக்குப் பக்கத்தில்தான்.

பிறகு பளபளக்கும் பிளாஸ்டிக் தோரணம் வந்தது. விலை மலிவு, வேலை மிச்சம். விழா முடிந்த மறுநாள் காலை அது எங்கே கிடக்கும் என்று நடைப்பயிற்சிக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். பாதி சாக்கடையில், பாதி மாட்டின் வாயில். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் பிளாஸ்டிக் கொடிகள், அலங்காரத் தெர்மகோல், 100 மைக்ரானுக்குக் குறைந்த பிளாஸ்டிக் பேனர்கள் எல்லாம் தடை செய்யப்பட்டுவிட்டன. தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலேயே பிளாஸ்டிக் கொடிகள் தடைப்பட்டியலில் சேர்ந்துவிட்டன. ஆனால் சட்டத்துக்குப் பயந்து துணிக்கு மாறுங்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. காண்டிராக்டரிடமும் துணித் தோரணம் வாடகைக்குக் கிடைக்கும். அதை ஏன் வாங்கக் கூடாது என்பதுதான் என் பேச்சு.

சென்ற சித்திரைத் திருநாளுக்குச் சோதனையாக ஒன்பது குடும்பங்கள் சேர்ந்து வீட்டிலேயே தைத்துப் பார்த்தோம். இதற்கு ஒரு கணக்கு உண்டு. பயமுறுத்துகிற கணக்கு அல்ல.

நம் ஹால் 30 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். சுற்றளவு 84 மீட்டர். ஒரு பழைய பருத்திப் புடவையில் நைந்த இடங்களைக் கழித்தால் 4 மீட்டருக்கு 1 மீட்டர் நல்ல துணி தேறும். 20 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரமாக முக்கோணத்தை நேராக ஒன்று, தலைகீழாக ஒன்று என்று மாற்றி மாற்றி வரைந்தால் சேதாரமே இல்லை. ஒரு வரிசைக்கு 39, நான்கு வரிசைக்கு 156. இரண்டிரண்டாகச் சேர்த்துத் தைத்தால் 78 கொடிகள். தைத்தபின் ஒரு கொடி 18 செ.மீ., இடைவெளி 7 செ.மீ.; ஆக மீட்டருக்கு நான்கு. ஆறு மீட்டர் சரம் ஒன்றுக்கு 24. ஹாலைச் சுற்றி 15 சரம், மேடை முகப்புக்கு ஒன்று. மொத்தம் 384 கொடிகள். ஐந்தே புடவை போதும், ஆறு கொடி மிச்சம்!

இரண்டு துண்டுகளின் நல்ல பக்கங்கள் உள்ளே இருக்கும்படி வைத்து, மேல் பக்கத்தை விட்டுவிட்டு இரண்டு ஓரமும் தைக்க வேண்டும். நுனியில் மிஞ்சிய துணியைக் கத்தரித்துவிட்டுத் திருப்பினால்தான் முனை கூர்மையாக வரும். முனையைத் தள்ள மொட்டைப் பென்சில் போதும். பிறகு மேல் ஓரத்தைப் பருத்தி நாடாவுக்குள் வைத்து ஒரே ஓட்டமாக அடித்துவிடலாம். இரு நுனியிலும் கட்டுவதற்கு முழ நீளம் நாடா விட மறக்காதீர்கள். ஆறு மீட்டர் சரத்தை 5.8 மீட்டர் இடைவெளியில் கட்டினால் நடுவே இரண்டடி தொய்வு வரும். அழகுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. விறைப்பாக இழுத்துக் கட்டிய கம்பி முதலில் அறும் என்பது மின்தடம் போட்டவர்களுக்குத் தெரியும். நாடாவுக்கும் அதே விதிதான்.

ஒரு தவறும் செய்தோம். செய்தவன் நானே. புதுச் சிவப்புத் துணி கொஞ்சம் வந்தது. துவைத்துச் சாயம் போகிறதா என்று பார்க்காமல் வெள்ளை வேட்டித் துண்டோடு சேர்த்துத் தைத்துவிட்டேன். இந்தப் பக்கத்துச் சித்திரை மாதத்துச் சாயங்கால மழைதான் உங்களுக்குத் தெரியுமே! வாசலில் கட்டியிருந்த சரம் நனைந்து, வெள்ளையெல்லாம் ரோஜா நிறமாகிவிட்டது. "என்ஜினீயர் வேலை" என்று என் மனைவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். எந்தத் துணியானாலும் உப்புத் தண்ணீரில் ஊற வைத்து, அலசி, வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கத்தரி வையுங்கள்.

நிற்க. தோரணம் நன்றாக வந்தது என்பதற்காக இவ்வளவு எழுதவில்லை. தைக்கும்போது நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

ஓர் அன்பரின் பேத்தி, பதினொரு வயது. இந்தி, ஒடியா, இங்கிலீஷ் மூன்றும் சரளம். தமிழ் புரியும்; பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். நம் வீடுகளில் பாதிப் பிள்ளைகள் இப்படித்தான். பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியாததால் ஊசி கோர்த்துக் கொடுக்க அவளை உட்கார வைத்தார்கள். "பாட்டி, இந்த பார்டருக்கு தமிழ்ல என்ன?" என்றாள். "கரை." "ரிவருக்குத்தானே கரைன்னு சொன்னீங்க?" "புடவைக்கும் ரெண்டு கரை உண்டுடி." முந்தானை, நாடா, நூல்கண்டு, ஓரம் மடிக்கிறது, தையல் பிரிக்கிறது என்று காலையிலிருந்து வார்த்தைகள் வந்துகொண்டே இருந்தன. யாரும் பாடம் நடத்தவில்லை. மாலை நான்கு மணிக்கு அவள் தன்னை அறியாமல் "பாட்டி, நூல் அறுந்துபோச்சு, வேற குடுங்க" என்றாள். பாட்டி என்னைப் பார்த்தார். நான் மிஷினைப் பார்த்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. எழுத்து அங்கேதான் வரும். ஆனால் பேச்சு வேலையோடுதான் வருகிறது. கையில் ஒரு வேலையும் பக்கத்தில் ஒரு பெரியவரும் இருந்தால் பிள்ளைகளுக்குத் தமிழ் தேவைப்படுகிறது. நாற்காலியில் வரிசையாக உட்கார வைத்து மேடையைப் பார்க்கச் சொன்னால் அவர்களுக்கு எந்த மொழியும் தேவையில்லை, போன் போதும். எல்லாவற்றையும் காண்டிராக்டரிடம் விட்டுவிட்டால் பெரியவர்களான நாமும் பார்வையாளர்கள்தான். வந்தோம், சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டோம், போனோம் என்று முடிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கணவரை இழந்த ஓர் அம்மையார், அவருடைய வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஆறு கொடி வந்தது. விழா அன்று அந்தச் சரம் எங்கே தொங்குகிறது என்று கேட்டு, அதற்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். வாடகைத் தோரணத்தில் இதற்கு வழி இல்லை.

நம் பக்கத்து வீட்டு ஒடியாக்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள். சித்திரை முதல் நாளில்தான் அவர்களுக்கும் பணா சங்கராந்தி வருகிறது. பூரிக்குப் போகும் வழியில் உள்ள பிப்பிலியைப் பார்க்காதவர் நம்மில் இருக்க முடியாது. துணிமேல் துணி வைத்துத் தைக்கும் அந்த வேலையும், தஞ்சை, கும்பகோணம் பக்கம் தேரில் தொங்கவிடும் தொம்பையும் அக்காள் தங்கை மாதிரி. ஜெகந்நாதர் தேருக்குச் சிவப்பு மஞ்சள், பலபத்திரர் தேருக்குச் சிவப்பு பச்சை, சுபத்திரை தேருக்குச் சிவப்பு கறுப்பு என்று துணியின் நிறத்தை வைத்தே தேரை அடையாளம் சொல்கிற ஊரில் இருந்துகொண்டு, நாம் பளபளக் காகிதத்தை வாடகைக்கு எடுப்பானேன்?

மறுப்புகளும் உண்டு, நியாயமானவை. "வேலைக்குப் போகிற பெண்களுக்கு இன்னொரு சுமையா?" என்று ஒரு சகோதரி கேட்டார். சரியான கேள்வி. தையல் பெண்கள் வேலை என்று ஒதுக்கினால் இந்த யோசனையையே கைவிட்டுவிடலாம். எந்த ஊரிலும் தையற்கடையில் மிஷினில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் ஆண்தானே? நான் அறுபதைத் தாண்டிய பிறகுதான் எங்கள் வீட்டு உஷா மிஷினில் உட்கார்ந்தேன். "ஏங்க, இது ராஜதானி இல்லை, மெதுவா மிதிங்க" என்று திட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டேன். ஓய்வு பெற்ற ஆண்கள் நம் சங்கத்தில் குறைவில்லை. முதல் பொறுப்பு நமக்குத்தான்.

"நேரம் ஏது?" என்பது அடுத்தது. எங்களுக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஆனால் ஒருமுறை தைத்ததை வெயிலில் உலர்த்தி, வேப்பிலை போட்டு டிரங்குப் பெட்டியில் வைத்தால் பல வருடம் வரும். வருடா வருடம் நான்கைந்து கொடி மாற்றினால் போதும்.

இரண்டு எச்சரிக்கைகள். சுதந்திர தினத்துக்கும் இதையே செய்யலாம் என்று மூவர்ணக் கொடியைத் தோரணமாகத் தைத்துவிடாதீர்கள். 2002-ஆம் ஆண்டின் கொடி விதித்தொகுப்பு, தேசியக் கொடியைத் தோரணமாகவோ வேறு அலங்காரமாகவோ பயன்படுத்தக் கூடாது என்கிறது. அடுத்தது, ரயில் பாதையை ஒட்டி வீடு உள்ளவர்கள் பாதைக்குத் தெரியும்படி சிவப்புத் துணியைக் கட்ட வேண்டாம். அலங்காரத்துக்கும் அபாயக் கொடிக்கும் வித்தியாசம் என்ஜினிலிருந்து பார்க்கிற டிரைவருக்குத் தெரியாது.

என் வேண்டுகோள் இவ்வளவுதான். பந்தலும் சாப்பாடும் காண்டிராக்டரிடமே போகட்டும். தோரணத்தை மட்டும் நாம் வைத்துக்கொள்வோம். சித்திரைக்குத் தைத்த சரங்கள் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. வாசலுக்கும் கோலம் போடும் முற்றத்துக்கும் பொங்கலுக்காக இன்னும் எட்டுச் சரம் வேண்டும். மார்கழி ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணிக்குச் சங்கத்தின் மாடியில் மிஷினோடு இருப்பேன். துவைத்த பழைய புடவையோ வேட்டியோ ஒன்று கொண்டுவாருங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் கட்டாயம் அழைத்துவாருங்கள். அன்று சிரித்த இளைஞரையும் தனியாக அழைக்கிறேன். தைக்க வேண்டாம்; கட்ட வந்தால் போதும். ஏணியில் ஏற என் முழங்கால் இப்போது இடம் கொடுப்பதில்லை.