பூட்டில்லாத அலமாரிகள்

பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, இடுக்கி எல்லையில் குமுளி. இரண்டு ஊர்களிலும் தமிழர்கள் தமிழில் மனு எழுதவும், மலையாளப் படிவம் நிரப்பவும், சாதிச் சான்றிதழையும் நில ஆவணத்தையும் ஸ்கேன் செய்யவும் நம்பிப் போகும் இடம் டிடிபி கடை. கேபிள் வந்துவிட்டது, 2015 ஜனவரியில் தேசிய ஒளியிழைத் திட்டத்தில் இணைந்த நாட்டின் முதல் மாவட்டமே இடுக்கிதான். பூட்டு வந்ததா?

அப்படி ஒரு கடை, கோவை அச்சகத்துக்கும் வாடிக்கையாளர்களுக்கும் கோப்புகளை அனுப்ப ஒரு எஃப்டிபி சர்வர் வைத்திருப்பதாகக் கொள்வோம். ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தாகிவிட்டது. ஆனால் பாஸ்வேர்டு காப்பது வாசலை மட்டுமே. உள்ளே வந்தவர் தன் டைரக்டரியிலிருந்து ஒரு படி மேலே ஏறினால் மற்றவர்களின் டைரக்டரிகள் வரிசையாகத் தெரியலாம். அனுமதிகள் தளர்வாக இருந்தால் திறக்கவும் செய்யும். கல்யாணப் பத்திரிகையின் புரூஃப் பார்க்க வந்தவர் கையில் பக்கத்து லயத்துக்காரரின் சாதிச் சான்றிதழ்!

எஃப்டிபியின் முதல் விதிமுறையை 1971 ஏப்ரலில் எழுதியவர் ஓர் இந்தியர்: கான்பூர் ஐஐடியில் படித்து எம்ஐடிக்குப் போன அபய் பூஷண். அப்போது வலையில் இருந்தவை சில பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான். அந்நியர் பயம் அதிகமில்லை.

மருந்து 1979-ல் யுனிக்ஸில் வந்தது. 'சேஞ்ச் ரூட்' என்று பெயர். பயனரின் சொந்த டைரக்டரியையே அவருக்கு உலகத்தின் உச்சியாகக் காட்டிவிடும். அதற்கு மேலே ஏறப் படியே இருக்காது.

பலர் சறுக்குவது அடுத்த கட்டத்தில். அந்த உச்சி டைரக்டரியில் எழுதும் உரிமையையும் பயனருக்கே கொடுத்துவிடுகிறார்கள். அங்கே அவர் போலி சிஸ்டம் கோப்புகளை வைத்து சர்வரையே ஏமாற்ற முடியும். அதனால்தான் 2008 முதல் இந்த வசதியைத் தரும் ஓப்பன் எஸ்எஸ்எச், உச்சி டைரக்டரி நிர்வாகிக்கே சொந்தமாக இருக்க வேண்டும், வேறு யாரும் அதில் எழுதக் கூடாது என்கிறது. மீறினால் உள்ளேயே விடாது. எரிச்சலில் கட்டுப்பாட்டையே நீக்கிவிடும் புத்திசாலிகள் உண்டு. தேவைப்படுவதோ, அதற்குள் இன்னொரு டைரக்டரி. அதில் மட்டும் பயனர் எழுதட்டும்.

பழைய எஃப்டிபியில் பாஸ்வேர்டு மூடாத கடிதம் போலப் போகிறது என்பதால் எஸ்எஃப்டிபிக்கு மாறிவிடுவது நல்லது. மாறிய பிறகு கடைக்காரர் ஒரு வாடிக்கையாளர் பெயரில் நுழைந்து, மேலே ஏற முடிகிறதா என்று பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை.