துருவுக்குப் பல நிறம்

துருப்பிடித்த இரும்பைப் படமெடுப்பது நம்மவரிடையே இப்போது பெருவழக்காகிவிட்டது. காசிமேட்டில் கரையேற்றி வைத்த விசைப்படகுகளின் பக்கத் தகடுகள், ஓட்டம் நின்ற ரயில் பெட்டிகளின் கதவுகள், மூடிய ஆலைகளின் கொதிகலன்கள், தெருமுனையில் கேட்பாரற்று நிற்கும் லாரிகளின் முகப்புகள் என்று இப்பத்திரிகைக்கு வந்து சேரும் படங்கள் நாளுக்கு நாள் பெருகி வருகின்றன. ஒதுக்கித் தள்ளப்பட்ட பொருளிடத்திலும் சௌந்தர்யத்தைத் தேடும் அந்த நோக்கை நாம் மனமுவந்து வரவேற்கிறோம். ஆயினும் அவற்றை வரிசையாக மேஜைமீது பரப்பிப் பார்க்கும்போது, எடுத்த இடமும் இரும்பின் வயதும் துருவேறிய காரணமும் வெவ்வேறாயிருக்க, வர்ணம் மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றேயாக, கண்ணைக் கூசச் செய்யும் ஒரே செம்மஞ்சளாக இருப்பது நமக்குப் பெரும் குறையாகவே படுகிறது.

இதனால் நாம் பளிச்சென்ற வர்ணத்துக்கு விரோதிகள் என்று எவரும் எண்ணிவிடலாகாது. 1935-ல் கோடாக்ரோம் பிலிமும் 1990-ல் வெல்வியா பிலிமும் வெளிவந்தபோது, உள்ளதை உள்ளபடி காட்டுவதைவிட உள்ளதைச் சற்று ஓங்கிக் காட்டுவதையே கலைஞர்கள் அவற்றிடம் விரும்பினார்கள். கிழிந்த சுவரொட்டிகளையும் தெருவின் அழுக்கையும் வர்ணக் கவிதைகளாக்கிய எர்ன்ஸ்ட் ஹாஸின் படங்களை 1962-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தபோது, வர்ணத்தைத் துணிந்து கையாள்வது வெறும் விளம்பர உத்தியன்று என்பது ஊரறிய நிலைநாட்டப்பட்டது. துணிவு வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. நாம் சொல்ல விரும்புவது, அத்துணிவு நிறத்தின் அளவைக் கூட்டுவதில் இல்லாமல் நிறங்களுக்கிடையே உள்ள தூரத்தைக் கூட்டுவதில் செல்ல வேண்டும் என்பதே.

துரு என்பது ஒரே பொருளன்று. ஈரமும் ஆக்சிஜனும் இரும்பைத் தீண்டுவதால் விளையும் பல சேர்மங்களின் கூட்டம் அது. புதிதாகப் படரும் துருவில் மிகுந்திருக்கும் லெப்பிடோக்ரோசைட் துலக்கமான செம்மஞ்சள் நிறம் உடையது. காலம் செல்லச் செல்ல அதில் ஒரு பகுதி கோதைட் என்னும் நிலைபெற்ற வடிவத்தை அடையும்போது மஞ்சள் கலந்த பழுப்பாக அடங்குகிறது. காற்று அதிகம் புகாத அடிப்படலத்தில், இரும்பை ஒட்டினாற்போல், மாக்னடைட் கருமையாகத் தங்குகிறது. கடற்காற்று கொண்டுவரும் குளோரைடு மிகுந்த இடங்களில் அக்ககனைட் என்னும் வேறொரு வகையும் வந்து சேர்ந்துகொள்கிறது. ஆகவே நேற்றைய மழையில் பூத்த துருவையும் பல்லாண்டுத் துருவையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறியக்கூடிய கண், வர்ணத்தைக் கொண்டே இரும்பின் சரித்திரத்தை வாசித்துவிடும்.

காசிமேட்டுப் படகு ஒன்றில் நங்கூரச் சங்கிலி உராய்ந்து உராய்ந்து தேய்த்த பக்கத் தகட்டை, ஒரு சாண் அகலமே சட்டத்துக்குள் அடங்கும்படி அணுகிப் பாருங்கள். மேலே இந்த ஆண்டுப் பூச்சான நீல எனாமல். அது விண்டு போன விளிம்பில், முந்தைய பூச்சின் பச்சை நூலிழையாகத் தெரிகிறது. அதற்கும் கீழே பெயிண்டர்கள் ரெட் ஆக்சைடு என்று சொல்லும் அடிப்பூச்சு, வெயிலில் சற்று வெளிறி, நீலம் கலந்தாற்போன்ற ஒரு குளிர்ந்த சிவப்பாக, மேடு பள்ளமின்றிப் பரந்திருக்கிறது. அதன் நடுவே, தான் பிறந்த இரும்பைவிடப் பன்மடங்கு பருமன் கொள்ளும் இயல்பினதான துரு, பூச்சைக் கீழிருந்து கொப்புளமாகத் தூக்கி உடைத்துக்கொண்டு, சொரசொரப்பான செம்மஞ்சள் பொருக்காக வெளிவந்து, மழைநீரோடு கரைந்து நீலத்தின்மேல் கோடு கோடாக வழிந்திருக்கிறது. அடிப்பூச்சின் சிவப்பு ஹெமடைட் என்னும் இரும்பு ஆக்சைடு. அதைத் துளைத்து வந்த துருவும் இரும்பின் ஆக்சைடுகளே. ஒன்று இரும்பைக் காக்க மனிதன் பூசியது. மற்றது இரும்பைத் தின்று விளைந்தது. இவ்விரண்டுக்குமிடையே நிறத்தில் உள்ள வேற்றுமை மிகச் சிறிது; ஆனால் அந்தத் தகட்டில் நடந்த போராட்டம் முழுவதும் அச்சிறு வேற்றுமைக்குள்ளேதான் அடங்கியிருக்கிறது. சாச்சுரேஷன் ஸ்லைடரை வலக்கோடிவரை இழுத்துவிடும் கை அதை ஒரு நொடியில் அழித்து, காவலனையும் பகைவனையும் ஒரே செம்மஞ்சளில் அமிழ்த்திவிடுகிறது.

இந்த வேற்றுமையைக் காப்பாற்றும் வேலை படமெடுக்கும் இடத்திலேயே தொடங்குகிறது. உச்சிவெயில் எனாமலில் பட்டுத் தெறித்து நிறத்தை வெளுக்கச் செய்யும். மேகம் மூடிய வானமே வர்ணத்துக்கு உகந்தது. காலையின் சாய்வெயில் பொருக்கின் மேடு பள்ளங்களை அழகாக எடுத்துக்காட்டுமாயினும், நிழல்களில் நிறம் மறைந்துபோகும் என்பதால், சொரசொரப்பு வேண்டுமா வர்ணம் வேண்டுமா என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். ஒரு குவளைத் தண்ணீரைத் தெளித்தால் உலர்ந்த துருவின் நுண்துளைகளில் நீர் நிரம்பி ஒளிச் சிதறல் குறைய, நிறம் ஆழ்ந்து எழுவதைக் கண்ணாலேயே காணலாம்; பிற்பாடு கணினியில் செய்யும் எந்த வித்தையையும்விட இது நேர்மையானது என்பது நம் அபிப்பிராயம். நனைந்த பரப்பின் பளபளப்பை போலரைசர் அடக்கிவிடும். கேமராவை முக்காலியில் நிறுத்தி, சென்சார் தகட்டுக்கு இணையாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால், எஃப் 8 அல்லது எஃப் 11-ல் சட்டம் முழுவதும் கூர்மையாக அமையும்.

ஒயிட் பேலன்ஸை மட்டும் கேமராவின் விருப்பத்துக்கு ஒருபோதும் விடலாகாது. சட்டம் முழுவதும் செம்மஞ்சள் நிறைந்திருப்பதைக் கண்ட கேமரா, அதை மஞ்சள் விளக்கொளி என்று மயங்கி நீலத்தைக் கலக்க முற்படும். அடுத்த சட்டத்தில் நீல எனாமல் மிகுந்தால் அதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும். சாம்பல் அட்டை ஒன்றை அதே வெளிச்சத்தில் ஒருமுறை படமெடுத்து வைத்துக்கொள்வதும், அதுவும் இயலாதபோது 5500 கெல்வின் போன்ற ஏதேனும் ஒரு நிலையான அளவில் நிறுத்திவிடுவதும், ரா கோப்பாகவே பதிவுசெய்வதும் அவசியம்.

இனி எடிட்டிங். செம்மஞ்சளில் சிவப்புச் சேனல் ஏற்கெனவே உயர்ந்து நிற்கிறது. நீலச் சேனல் அடிமட்டத்தில் கிடக்கிறது. சாச்சுரேஷனைக் கூட்டும்போது முன்னது 255-ல் போய் முட்டிக்கொள்ள, பின்னது பூஜ்யத்தில் போய்ப் படுத்துவிடுகிறது. பொருக்கின் நுட்பமெல்லாம் பச்சைச் சேனல் ஒன்றையே நம்பி நிற்க, படத்தில் துரு உலோகத்தின்மேல் விளைந்ததாகத் தோன்றாமல் சாயம் கொட்டியதாகத் தோன்றுகிறது. மொத்த ஹிஸ்டோகிராம் இதைக் காட்டிக் கொடுக்காது. மூன்று சேனல்களையும் தனித்தனியே பார்க்க வேண்டும். எஸ்ஆர்ஜிபி வர்ணவெளியை விட்டு அடோபி ஆர்ஜிபிக்கு மாறினால் இக்குறை தீர்ந்துவிடும் என்று கருதுவோர் உளர். அதன் சிவப்பு மூலையும் நீல மூலையும் எஸ்ஆர்ஜிபியினுடையவையேயாதலாலும், அதன் விரிவெல்லாம் பச்சைப் பக்கமே ஆதலாலும், துருவுக்கு அதனால் விளையும் லாபம் சொற்பம். புரோபோட்டோ ஆர்ஜிபியில், 16 பிட்டில் வேலை செய்து, கடைசியில் மாற்றிக்கொள்வதே உசிதம்.

நாம் நம்புகிற உபாயம் லேப் வர்ணவெளி. 1976-ல் வரையறுக்கப்பட்ட இம்முறையில் ஒளி வேறாகவும் நிறம் வேறாகவும் நிற்கின்றன. பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் இடைப்பட்டது ஏ, நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடைப்பட்டது பி. ஏ, பி இரண்டின் கர்வ் கோட்டையும் நடுப்புள்ளி அசையாதபடி செங்குத்தாக நிமிர்த்துவதே பலரும் அறிந்த வழி. பாறைக்கும் பள்ளத்தாக்குக்கும் அது போதுமானது; துருவுக்குப் போதாது. ஏனெனில் துருவின் நிறங்கள் யாவும் நடுப்புள்ளிக்கு ஒரே பக்கத்தில் கூட்டமாக இருப்பவை. கோட்டை அப்படியே நிமிர்த்தினால் கூட்டம் முழுவதும் சேர்ந்தே மேலேறிவிடும். செய்ய வேண்டியது, சாம்பல் நிறங்கள் கெடாதபடி நடுப்புள்ளியில் ஒரு பிடி வைத்துவிட்டு, துருவின் சராசரி நிறம் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொண்டு, அந்த இடத்தைச் சுற்றி மட்டும் கோட்டைச் செங்குத்தாக்குவது. அப்போது சராசரியான செம்மஞ்சள் இருந்த இடத்திலேயே இருக்க, அதைவிடச் சற்று மஞ்சளானது இன்னும் மஞ்சளாகவும், சற்றுச் சிவந்தது இன்னும் சிவப்பாகவும், பழுப்பு இன்னும் அடங்கியும் விலகிச் செல்கின்றன. மேற்சொன்ன தகட்டில் அடிப்பூச்சும் துருவும் பிரிந்து நிற்பது இப்படித்தான். படம் துணிவாகவும் இருக்கும். அத்துணிவுக்கு உரிய ஒவ்வொரு நிறத்துக்கும் தகட்டில் ஆதாரமும் இருக்கும். கூர்மையாக்குவதை ஒளிச் சேனலில் மட்டும் செய்தால், பொருக்கின் ஓரங்களில் நிறக் கறை படியாது.

இன்னுமொரு விஷயம். கோபெலின் நெசவாலையின் சாயப் பிரிவுக்குத் தலைவராயிருந்த செவ்ரல், அடுத்தடுத்து நிற்கும் நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டுகின்றன என்பதை 1839-லேயே நூலாக எழுதி வைத்தார். நீலத்தின் அருகே உள்ள துரு, கை வைக்காமலே கனன்று தோன்றும். அப்படிப்பட்ட படத்தில் செம்மஞ்சளைத் தொடாமல், நீலத்தின் ஒளியைச் சற்றுத் தாழ்த்திப் பாருங்கள். வேண்டிய விளைவு பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.

வர்ணமே வேண்டாத துருவும் உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பெயிண்ட் உரிந்த சுவர்களில் புகைப்படக் கலைஞர் ஆரன் சிஸ்கிண்ட் கண்டதும், உலைக்களங்களையும் நீர்த்தொட்டிகளையும் மேகமூட்டமான வானத்தின் கீழ் நிறுத்திப் பதிவுசெய்த பேர்ண்ட், ஹில்லா பெஹர் தம்பதியர் கண்டதும் வடிவம். அவர்கள் கறுப்பு வெள்ளையில் நின்றது அதனால்தான். உங்கள் படத்தின் உயிர் உருவத்தில் இருக்குமானால், அதன்மேல் வர்ணத்தை ஏற்றுவது வீண் பிரயாசை.

அச்சிட்டுப் பாராமல் எதையும் முடிவு செய்ய வேண்டாம். மானிட்டரின் ஒளியில் எரியும் செம்மஞ்சள், மேட் தாளில் அதே வீரியத்தோடு இறங்காது. சாஃப்ட் புரூஃப் செய்து, தாளுக்கு அடங்காத நிறங்களைத் தனித்தனியே அடக்கிக்கொள்ள வேண்டும். மேட் தாள் துருவின் உலர்ந்த சுபாவத்துக்கு இயைந்தது. நனைந்த துருவும் எனாமலும் கலந்த படங்களுக்கு பெரைட்டா தாளே நமக்குப் பிடித்திருக்கிறது.

வரும் இதழ்களுக்குத் துருப் படங்கள் அனுப்பும் அன்பர்கள் எடிட் செய்த படத்தோடு எடிட் செய்யாத மூலத்தையும், அதே வெளிச்சத்தில் எடுத்த சாம்பல் அட்டையின் படத்தையும் சேர்த்து அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம். எந்த இரும்பு, கடலிலிருந்து எவ்வளவு தொலைவு, நனைந்திருந்ததா உலர்ந்திருந்ததா என்று இரண்டு வரி எழுதினால் போதும். மூலத்தையும் எடிட் செய்த படத்தையும் பக்கம் பக்கமாகவே அச்சிடுவோம்.