‘முயற்சி’ மட்டும் போதுமா?

2017-ம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடி, போதையால் வரும் மனக்கோளாறும் அடக்கம். ஜனத்தொகைக்கு ஏற்றபடி மனநல டாக்டர், நர்ஸ்களைப் பத்து வருஷத்துக்குள் உருவாக்க அரசு ‘முயற்சி’ எடுக்கணும் என்கிறது 31-வது பிரிவு. சட்டம் அமலானது 2018-ல்; கெடு 2028. ‘முயற்சி’ என்ற ஒரு வார்த்தை போதாதா, தட்டிக்கழிக்க?

எங்க தெருப் பெண் ஒருத்தி, குடிகாரக் கணவனைக் கெஞ்சிக் கூத்தாடி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். ‘டாக்டர் புதன்கிழமைதான் வருவார்’ என்று அனுப்பிவிட்டார்கள். அதுவரை அந்த மனுஷன் மனசு மாறாம இருக்குமா?

ஊருக்கு ஊர் மதுக்கடைக்கு ஆள் போடும் அரசு, குடியை நிறுத்தவும் ஆள் போட வேண்டாமா? தாலுகாவுக்கு இத்தனை பேர் என்று சட்டத்திலேயே எழுதட்டும். ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் இதைக் கேளுங்கள், சகோதரிகளே!

– ஒரு வாசகி, திண்டுக்கல்.