போடுவதற்கு மட்டும்தான் வங்கியா?



கூத்தாநல்லூரை ஒட்டிய லெட்சுமாங்குடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பங்களும் போட்டுக் கொடுப்பேன். சில வருடங்களாகக் கடையில் ஓயாமல் நடக்கும் வேலை, கல்லூரிப் பிள்ளைகளுக்கு 'ஏபிசி ஐடி', அதாவது தேறிய பாடங்களின் கிரெடிட்டைச் சேர்த்து வைக்கும் கிரெடிட் வங்கியின் கணக்கு எண், எடுத்துத் தருவது. டிஜிலாக்கரில் ஆதார் எண்ணைப் போட்டதும் ஓடிபி வரும். எங்கள் ஊரில் அது பல நேரம் குவைத்துக்கோ சவுதிக்கோ போய்விடும். ஆதாரில் சேர்த்த நம்பர் அத்தா கையோடு கொண்டுபோன சிம்முடையது. பிள்ளை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, அவர் வேலைக்கு நடுவே அந்த ஆறு எண்ணைப் படித்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்திருக்கும். மறுபடி அனுப்ப வேண்டும். இத்தனை பாடுபட்டு 12 இலக்க எண்ணை வாங்கிப்போனால்தான் தேர்வுக் கட்டணம் கட்ட விடுவோம் என்று சொன்ன கல்லூரிகளும் உண்டு.

அந்த எண்ணால் என்ன பயன் என்று சென்ற ஜூனில் ஒரு பெண் கேட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

2023-இல் வெளிமாவட்டத் தனியார் கல்லூரி ஒன்றில் பி.காம். சேர்ந்தவள். செமஸ்டருக்கு 25,000 ரூபாய், விடுதிச் செலவு தனி. நாலு செமஸ்டர் அரியர் இல்லாமல் முடித்தாள். அவள் அத்தாவுக்கு வெளிநாட்டில் வேலை போய்விட்டது. இனிமேல் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில், கட்டணம் குறைந்த ஒரு கல்லூரியில் மூன்றாம் வருடத்தைப் படித்துவிடலாம் என்று வந்தாள். அவள் கணக்கைத் திறந்து பார்த்தேன். நாலு செமஸ்டருக்கும் சேர்த்து 90 கிரெடிட் ஏறியிருந்தது. மதிப்பெண் பட்டியல்களை லேமினேட் செய்து பிளாஸ்டிக் ஃபைலில் வைத்திருந்தாள். அதைத் தூக்கிக்கொண்டு நம் மாவட்டத்தில் இரண்டு கல்லூரிகள் ஏறி இறங்கினாள். இரண்டு இடத்திலும் ஒரே பதில்: "அது வேற யுனிவர்சிட்டிம்மா. முதல் வருஷத்துல சேர்றதுன்னா சேரு." எழுதித் தரச் சொன்னாளாம், தரவில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 2021 ஜூலையில் இந்தக் கிரெடிட் வங்கிக்கு விதி போட்டது. ஓரிடத்தில் படித்ததை இன்னோர் இடத்தில் கணக்கில் சேர்க்கலாம், படிப்பு நடுவில் நின்றவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பதுதான் அதன் நோக்கம். பட்டம் தரும் கல்லூரியில் பாதிக் கிரெடிட்டாவது எடுத்திருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. நியாயம்தான். பட்டத்துக்கு 140 கிரெடிட் என்று வைத்துக்கொண்டால் இவளுடைய 90-இல் 70 செல்லும், 20 போகும். ஏறக்குறைய ஒரு செமஸ்டர் நட்டம். அதற்கு அவள் தயார். நாலு செமஸ்டரையும் தூக்கிப்போடு என்றால்? இரண்டு வருடத்துக்கு வீட்டார் கட்டிய ஒரு லட்சத்துக்கு என்ன கணக்கு? போட்டு வைத்த கிரெடிட்டுக்கும் ஏழு வருடம்தான் ஆயுள் என்பது இன்னொரு கவலை.

பாடத்திட்டம் ஒத்துவராது என்பார்கள். மாநில உயர்கல்வி மன்றம் 2023-இல் பொதுப் பாடத்திட்டம் கொண்டுவந்தபோது சொன்ன காரணமே, நாலில் மூன்று பங்கு பாடம் எங்கும் ஒன்றாக இருந்தால் மாணவர்கள் கல்லூரி மாறுவது சுலபம் என்பதுதானே? பேராசிரியர்களும் தன்னாட்சிக் கல்லூரிகளும் எதிர்த்தபோதும் அரசு இதைத்தான் சொன்னது. பாலிடெக்னிக் முடித்தவரை பி.இ. இரண்டாம் வருடத்தில் நேரே உட்கார வைக்கிறோம். அங்கே தரம் கெட்டதாக யாரும் சொல்வதில்லை. பி.காம். படித்தவள் பி.காம். வகுப்பில் உட்கார்ந்தால் மட்டும் கெட்டுவிடுமா?

மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்தின் கதையும் இதேதான். அதில் தேறும் பாடங்களை ஒரு செமஸ்டரில் 40 சதவீதம் வரை பட்டத்தில் சேர்க்கலாம் என்று 2021-லேயே விதி வந்துவிட்டது. என் கடைக்கு வரும் பையன் ஒருவன் 1000 ரூபாய் கட்டி, விடியற்காலை பஸ் பிடித்துத் தஞ்சாவூர் போய், அந்தத் தளத்தில் உள்ள என்.பி.டி.இ.எல். பாடத்துக்குத் தேர்வு எழுதித் தேறினான். அவன் கல்லூரியில் "நல்லது, கூடுதல் கிரெடிட்டாகப் போட்டுக்கொள்" என்றார்கள். அதற்கு ஈடாக ஒரு பேப்பரும் குறையவில்லை.

அஞ்சல் வழியில் படிக்கட்டுமே என்பவர்களுக்கு: இந்தப் பெண் அரசுப் பள்ளியில் படித்தவள், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வாங்கியவள். தொலைநிலைக் கல்விக்கு அந்தப் பணம் கிடையாது.

இந்தக் கிரெடிட் வங்கியைக் கொண்டுவந்த புதிய கல்விக் கொள்கை வேண்டுமா வேண்டாமா என்று டெல்லியும் சென்னையும் வாதாடட்டும். எனக்கும் அதில் கருத்து உண்டு, இங்கே வேண்டாம். ஆனால் கணக்கைத் திறக்கச் சொல்லிப் பிள்ளைகளை என் கடை வாசலில் வரிசையில் நிறுத்தியது இங்கேயுள்ள கல்லூரிகள்தான். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்களும் அவர்கள்தான்.

எங்கள் பக்கத்து நெல் கொள்முதல் நிலையங்களைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். ஆனாலும் ஈரப்பதம் 17-க்கு மேல் என்று மூட்டையைத் திருப்பினால், கருவியில் உள்ள எண்ணைக் காட்டித்தான் திருப்புவார்கள். காயவைத்து மறுபடி கொண்டுவர விவசாயிக்கு வழி தெரியும். இந்தப் பெண்ணுக்கு அந்த எண்ணைக்கூட யாரும் காட்டவில்லை.

மாநில உயர்கல்வி மன்றமும் பல்கலைக்கழகங்களும் உட்கார்ந்து, எந்தப் பேப்பருக்கு எந்தப் பேப்பர் சமம் என்ற பட்டியலை இணையத்தில் போடட்டும். கல்லூரி மாற விண்ணப்பித்தால் 30 நாளில் முடிவு சொல்லட்டும். மறுத்தால் எந்தப் பேப்பர், என்ன குறை என்று கையெழுத்துடன் எழுதித் தரட்டும். பிள்ளைகள் நின்றுபோவதால் இரண்டாம், மூன்றாம் வருட வகுப்புகளில் காலியாகும் இடங்களையும் சேர்க்கை அறிவிப்பில் காட்டட்டும். வரும் ஜூன் சேர்க்கைக்குள் இது நடக்க வேண்டும். அந்தப் பெண் இப்போது ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். ஃபைல் என் கடையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
லெட்சுமாங்குடி, கூத்தாநல்லூர்.