விடுமுறை யாருக்கு? வேலை யாருக்கு?

டிசம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்க நாட்டுத் தொடக்கப் பள்ளிகளின் சுவரெல்லாம் வண்ணக் காகிதம்தான். ஒரு மூலையில் கிறிஸ்துமஸ் மரம். மறு மூலையில் யூதர்களின் ஹானுக்கா விளக்கு. அதன் பக்கத்தில் கறுப்பின மக்களின் குவான்சா விழாவுக்குரிய ஏழு மெழுகுவர்த்திகள். பிள்ளைகள் கத்தரிக்கோலும் பசையுமாக உட்கார்ந்து வெட்டுகிறார்கள், ஒட்டுகிறார்கள். பிப்ரவரி வந்ததும் அதே சுவரில் மார்ட்டின் லூதர் கிங்கின் படம் ஏறுகிறது. மார்ச் முதல் தேதி அந்தப் படமும் இறங்கிவிடுகிறது!

இதற்குப் பெயர் பண்டிகைப் பாடமாம். இதற்குப் பெயர் கறுப்பர் வரலாற்றுப் பாடமாம். போதுமா இது, தோழர்களே?

"எங்கோ இருக்கும் பள்ளிக்கூடத்துச் சுவரைப் பற்றி நமக்கென்ன கவலை?" என்று கேட்கலாம். கவலை உண்டு. விடுமுறை என்றால் என்ன என்பது உழைப்பவனுக்குத் தெரியும். ஒரு நாள் ஓய்வுக்காக ஆலை வாசலில் நின்றவன் அவன். யார் கொடுத்த ஓய்வு, எதற்காகக் கொடுத்தான், கொடுக்க வைத்தது எது என்று கேட்கப் பழகியவன் அவன். அந்தக் கேள்வியோடு அமெரிக்காவின் குளிர்காலத்தைப் புரட்டிப் பார்ப்போம். காகித நட்சத்திரத்துக்குப் பின்னால் வேறொரு வரலாறு ஒளிந்திருப்பது தெரியும்.

பிரெடெரிக் டக்ளஸ் என்ற மாமனிதர் மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். 1838-இல் தப்பியோடி விடுதலை பெற்றவர். 1845-இல் தம் வாழ்க்கையை எழுதினார். அதில் கிறிஸ்துமஸ் பற்றி அவர் சொல்வது என்ன? கிறிஸ்துமசிலிருந்து புத்தாண்டு வரை அடிமைகளுக்கு ஓய்வு. ஆகா, என்ன தாராளம்! ஆனால் அந்த நாட்களில் எவனாவது தனக்கென்று ஒரு வேலை செய்து நாலு காசு சேர்த்தால் ஆண்டைக்குப் பிடிக்காது. குடிக்க வேண்டும், விழுந்து புரள வேண்டும், அதுதான் ஆண்டையின் விருப்பம். எந்த அடிமை அதிகம் குடிப்பான் என்று பந்தயம் கட்டியவர்களும் உண்டு. ஏன்? "இதுதானா சுதந்திரம்? இதைவிடப் பழைய வேலையே மேல்" என்று அவனே சலித்துக்கொள்ள வேண்டுமாம்! அந்த ஒரு வார ஓய்வு இல்லாதிருந்தால் கலகம் வெடித்திருக்கும் என்கிறார் டக்ளஸ். கொதிக்கும் பானையின் மூடியைச் சற்றே திறந்துவிடும் தந்திரமே அந்தத் திருநாள் ஓய்வு.

அந்த வாரம் முடிந்து வரும் ஜனவரி முதல் நாள் என்ன நாள்? நமக்குப் புத்தாண்டு. அடிமைக்கோ, ஆளைப் பிரித்து அனுப்பும் நாள்! தென் மாநிலங்களில் அன்றுதான் அடிமைகளை ஓராண்டுக்கு வாடகைக்கு விடுவார்கள், விற்கவும் செய்வார்கள். தாய் ஒரு பண்ணைக்கு, மகன் ஒரு பண்ணைக்கு. ஹாரியட் ஜேக்கப்ஸ் என்ற பெண்மணி, தாமே அடிமையாயிருந்து தப்பியவர், 1861-இல் வெளிவந்த தம் நூலில் இதை எழுதியிருக்கிறார். விடிந்தால் பறிபோகும் பிள்ளைகளை இரவெல்லாம் பார்த்துக்கொண்டு குடிசைத் தரையில் உட்கார்ந்திருந்த தாய்மாரின் கதை அது. ஊரெல்லாம் வாழ்த்துச் சொன்ன நாளில் அவர்களுக்கு ஒப்பாரி!

அதே ஜனவரி முதல் நாள்தான் 1804-இல் ஹெய்ட்டித் தீவின் கறுப்பின மக்கள், பிரெஞ்சுப் படையை முறியடித்து, தங்கள் நாட்டின் விடுதலையைப் பறைசாற்றினார்கள். அதே ஜனவரி முதல் நாள்தான் 1863-இல் ஆபிரகாம் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்தது. பாஸ்டன் நகரில் பெருங்கூட்டத்தோடு கூட்டமாக, தந்திச் செய்தி வருமா வருமா என்று இரவு வரை காத்திருந்தார் டக்ளஸ். வந்தது செய்தி, வானைப் பிளந்தது முழக்கம். கிளர்ச்சி செய்த தென் மாநிலங்களுக்கு மட்டுமே பொருந்திய பிரகடனம்தான் அது. நாடு முழுவதும் அடிமை முறையை ஒழித்த சட்டத்திருத்தம் நிறைவேறியது 1865-ஆம் ஆண்டு டிசம்பரில். அதுவும் குளிர்காலத்தில்தான்!

பிரிட்டிஷார் ஆண்ட ஜமைக்காத் தீவின் கதையையும் கேளுங்கள். சாம் ஷார்ப் என்ற அடிமை, வேதம் ஓதும் சபைப் பணியாளர், தோழர்களைத் திரட்டினார். 1831 கிறிஸ்துமஸ் ஓய்வு முடிந்ததும் கூலி கொடுத்தாலன்றிக் கரும்புத் தோட்டத்துக்குத் திரும்புவதில்லை என்று சபதம் செய்தார்கள். வேலைநிறுத்தம், தோழர்களே, வேலைநிறுத்தம்! டிசம்பர் 27-ஆம் நாள் அது பெரும் கிளர்ச்சியாக மூண்டது. பீரங்கி பேசியது. 300-க்கும் மேற்பட்டவர்கள் மரண தண்டனைக்கு ஆளானார்கள். 1832 மே மாதம் ஷார்ப்பும் தூக்குமரம் ஏறினார். ஆனால் மறு ஆண்டே, 1833-இல், அடிமை ஒழிப்புச் சட்டத்தை பிரிட்டிஷ் பாராளுமன்றம் இயற்ற வேண்டியதாயிற்று.

இவ்வளவும் குளிர்கால நாட்காட்டிக்குள்ளேயே கிடக்கிறது. பண்டிகைப் பாடம் டிசம்பருக்கு, கறுப்பர் பாடம் பிப்ரவரிக்கு என்று தனித்தனிப் பெட்டியில் பூட்டி வைக்கிறார்களே, அங்கேதான் தவறு. இரண்டும் ஒரே பாடம்! ஒருவன் ஓய்ந்திருந்த நாளில் உழைத்தவன் யார் என்று கேட்டால், இரண்டு பாடமும் ஒன்றாகிவிடும்.

பிப்ரவரிக்கு இந்தச் சிறப்பைத் தேடித் தந்தவர் யார்? கார்ட்டர் உட்சன். அடிமைகளாயிருந்த பெற்றோருக்கு 1875-இல் பிறந்தவர். மேற்கு விர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர். அங்கே ஆலிவர் ஜோன்ஸ் என்ற கறுப்பினத் தொழிலாளி இருந்தார். எழுத்து அறியாதவர், ஆனால் புத்தகமும் செய்தித்தாளும் வாங்கி வைத்து, தம் வீட்டையே தொழிலாளர் கூடும் இடமாக்கியவர். மாலையில் கரி படிந்த முகங்கள் சுற்றி உட்கார, இளைஞர் உட்சன் செய்தித்தாளை உரக்கப் படிப்பார். ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்கும் மன்றம்! அங்கே கேட்ட கதைகள்தாம் அவரை வரலாற்றின் பக்கம் திருப்பின. ஏறத்தாழ 20 வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தவர், 1912-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

"கறுப்பனுக்கு ஏது வரலாறு?" என்று படித்தவர்களே ஏளனம் பேசிய காலம் அது. உட்சன் 1915-இல் அதற்கென ஒரு கழகம் கண்டார். 1926-இல் 'நீக்ரோ வரலாற்று வாரம்' தொடங்கினார். அன்றைய வழக்கில் அதுதான் பெயர். லிங்கன் பிறந்த பிப்ரவரி 12-உம், டக்ளசுக்குக் கொண்டாடப்பட்ட பிப்ரவரி 14-உம் வரும் வாரத்தைத் தேர்ந்தெடுத்தார். டக்ளசுக்குத் தம் பிறந்த நாளே தெரியாது. அடிமைக் குழந்தைக்கு யார் தேதி குறித்து வைத்தார்கள்? தாமே ஒரு நாளை வைத்துக்கொண்டார். பிறந்த நாளைக்கூடத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டிய வாழ்வு! 1976-இல் அந்த வாரம் மாதமாக வளர்ந்து, அரசின் ஏற்பும் பெற்றது.

ஆனால் உட்சன் விரும்பியது என்ன? அந்த ஒரு வாரம் மட்டும் படிக்க வேண்டும் என்பதா? இல்லை. ஆண்டெல்லாம் படித்ததை அந்த வாரத்தில் எடுத்துக் காட்ட வேண்டும் என்பது அவர் கருத்து. இவர்களோ ஆண்டெல்லாம் மூடி வைத்து, அந்த மாதம் மட்டும் படத்தை மாட்டுகிறார்கள்.

சரி, குறை சொன்னால் போதுமா? வழி என்ன? சொல்லுவோம்.

வகுப்பறைச் சுவரில் ஒரு பெரிய நாட்காட்டி எழுதட்டும். ஜனவரி முதல் நாள் என்ற ஒரே கட்டத்தில் வாடகைக்கு விட்ட நாளையும், ஹெய்ட்டியின் நாளையும், 1863-ஐயும் பிள்ளைகளே தேடி எழுதட்டும். ஒரு நாள் எப்படி அழுகையிலிருந்து ஆர்ப்பரிப்புக்கு மாறிற்று என்பதைக் கண்ணால் காணட்டும்.

குவான்சா மெழுகுவர்த்திக்கு வண்ணம் தீட்டட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் கறுப்பும் சிவப்பும் பச்சையுமான அந்த ஏழு மெழுகுவர்த்திகள் ஒற்றுமை, தன்னுரிமை, கூட்டு உழைப்பு முதலான ஏழு கொள்கைகளைக் குறிப்பவை என்பதையும் சொல்லட்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வாட்ஸ் பகுதி 1965-இல் கொந்தளித்த பிறகு, 1966-இல் உண்டாக்கப்பட்ட விழா அது. திருநாள் வானத்திலிருந்து விழுவதில்லை. மனிதன் தன் தேவைக்காக ஆக்கிக்கொள்வது என்பதைப் பிள்ளை அப்போது உணரும்.

கணக்கு வகுப்பிலும் வரலாறு நுழையட்டும். ரோசா பார்க்ஸ் என்ற தையல் தொழிலாளி, பஸ்ஸில் இடத்தை விட்டு எழ மறுத்தது 1955 டிசம்பர் முதல் தேதி. மாண்ட்கோமரி நகரக் கறுப்பின மக்கள் 381 நாள் பஸ் ஏற மறுத்தார்கள். போக 3 மைல், வர 3 மைல் என்று ஒருத்தி நாள்தோறும் நடந்திருந்தால் மொத்தம் எத்தனை மைல்? பெருக்கிப் பார்க்கட்டும் பிள்ளை: 2,286 மைல்! விடை வரும்போது அவள் கால் வலியும் தெரியவரும்.

வீட்டுப் பாடமாக ஒரு கேள்வி கொடுக்கட்டும்: "கிறிஸ்துமஸ் நாளில் உன் வீட்டில் வேலைக்குப் போனது யார்?" மருத்துவமனையைத் துடைப்பவரும், பஸ் ஓட்டுபவரும், ஓட்டல் சமையற்கட்டில் நிற்பவரும் வகுப்பறைக்குள் வந்துவிடுவார்கள்.

செய்யக் கூடாதது ஒன்றும் உண்டு. சில பள்ளிகளில் அடிமை ஏலத்தை நாடகமாக நடத்தி, பிள்ளைகளையே ஏலம் விட்டதும், பெற்றோர் கொதித்தெழுந்ததும் நடந்திருக்கின்றன. அந்த அவமானத்தைக் குழந்தையின் தலையில் மறுபடி சுமத்துவது பாடமல்ல, பாதகம்.

"இதெல்லாம் பிஞ்சு மனத்துக்கு வேண்டாம், வெள்ளைப் பிள்ளைகள் குற்ற உணர்ச்சியால் குமைவார்கள்" என்று வாதாடுகிறவர்கள் உண்டு. புளோரிடா மாநிலத்தில் 2023-இல் ஏற்கப்பட்ட பாடத்திட்டம் ஒரு படி மேலே போயிற்று. அடிமைகள் கற்றுக்கொண்ட தொழில் திறமை சில வேளைகளில் அவர்களுக்கே பயன்பட்டது என்று கற்பிக்க வேண்டுமாம்! சிறையில் நெசவு கற்றவன் சிறைக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டும் போலும்! ஆப்பிரிக்காவிலிருந்து இழுத்து வரப்பட்டவர்களில் நெல் விளைவிக்கத் தெரிந்தவன் இருந்தான். இரும்பு அடிக்கத் தெரிந்தவன் இருந்தான். திறமை அவனுடையது, திருடியவன் ஆண்டை.

வெள்ளைப் பிள்ளை குமைய வேண்டியதில்லை. அவனுக்கும் இந்தப் பாடத்தில் நல்ல இடம் உண்டு. சிறுவன் டக்ளசுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதை ஆண்டை தடுத்துவிட்டபோது, மிச்ச எழுத்தைக் கற்றுத் தந்தவர்கள் யார்? பால்டிமோர் தெருவில் பசியோடு திரிந்த ஏழை வெள்ளைச் சிறுவர்கள்! டக்ளஸ் ரொட்டி கொடுப்பான். அவர்கள் எழுத்துக் கொடுப்பார்கள். அந்தச் சிறுவர்களின் வரிசையில் நிற்கவா, ஆண்டையின் வரிசையில் நிற்கவா என்று வெள்ளைப் பிள்ளை தானே முடிவு செய்யட்டும். உண்மை யாரையும் சிறுமைப்படுத்துவதில்லை, மறைப்பதுதான் சிறுமை.

மார்ட்டின் லூதர் கிங் 1959-இல் இந்தியா வந்தார். திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியில், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் இன்னொரு தீண்டப்படாதவர் என்று அவரை அறிமுகம் செய்தார் தலைமையாசிரியர். முதலில் கிங்குக்குச் சுருக்கென்றது. பிறகு தம் மக்களின் நிலையை எண்ணிப் பார்த்தார். ஆம், உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். இதைப் பின்னாளில் அவரே சொன்னார். ஒரு பள்ளிக்கூடம் அவருக்கு அவரையே காட்டியது. பாடம் என்றால் அது!

அந்த கிங் எங்கே வீழ்ந்தார்? 1968 பிப்ரவரியில் மெம்பிஸ் நகரில் குப்பை வண்டியின் இயந்திரத்தில் நசுங்கி இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் மாண்டார்கள். ஏறத்தாழ 1,300 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். "நானும் மனிதன்" என்பது அவர்கள் ஏந்திய அட்டை. அவர்களுக்குத் துணை நிற்கப் போன இடத்தில்தான் ஏப்ரல் 4-ஆம் நாள் கிங் சுடப்பட்டார். நான்கே நாளில் அவர் பெயரால் விடுமுறை கேட்டு மசோதா வந்தது. சட்டமாக 15 ஆண்டு ஆயிற்று, 1983-இல்தான் நிறைவேறியது. 1986 ஜனவரியில்தான் முதல் விடுமுறை.

துப்புரவுத் தொழிலாளிக்காக உயிர் கொடுத்தவரின் பெயரால் ஒரு நாள் விடுமுறை. அன்றும் மெம்பிஸ் தெருவில் குப்பை சேரத்தான் செய்யும். அதை யாரோ அள்ளத்தான் வேண்டும். அவர் யார், அவருக்கு அன்று என்ன கூலி என்று ஒரு பிள்ளை எழுந்து நின்று கேட்கட்டும். அந்தக் கேள்வி எழுந்த வகுப்பறையில் காகித நட்சத்திரமும் ஒளி வீசும்!