ரெக்கார்டு நோட்டில் 4.6

பயோடெக், ஃபுட் டெக் படிக்கிற யாரை வேணும்னாலும் நிறுத்திக் கேளுங்க: பாலில் இருக்கிற கேசினோட ஐசோஎலக்ட்ரிக் புள்ளி எவ்வளவு? கண்ணை மூடிக்கிட்டு 4.6-னு சொல்வாங்க. சரியான விடைதான். பிரச்சினையே அதுதான். விடை முன்கூட்டியே தெரிஞ்ச லேபில் நடக்கிறது வெறும் சடங்கு. பிஹெச் மீட்டர் 4.9 காட்டினாலும் நோட்டில் ஏறப்போறது 4.6.

மெக்கானிக்கல், சிவில் நண்பர்களுக்காக ரெண்டு வரி. புரதத்தில் பிளஸ் மின்னூட்டமும் இருக்கு, மைனஸும் இருக்கு. அமிலம் கூடினா பிளஸ் பக்கம் சாயும், காரம் கூடினா மைனஸ் பக்கம். நடுவில் ஒரு பிஹெச்சில் நிகர மின்னூட்டம் பூஜ்யம். அங்கே மூலக்கூறுகள் ஒண்ணையொண்ணு தள்ளாது. ஒட்டிக்கிட்டுப் படிய ஆரம்பிக்கும். ராத்திரி உறை ஊத்தின பால் காலையில் தயிராகறது இதனாலதான். பாக்டீரியா உண்டாக்கும் லாக்டிக் அமிலம் பாலின் பிஹெச்சை 6.7-லிருந்து 4.6 பக்கமா இறக்குது. (பிஹெச் என்கிற அளவையே 1909-ல் சோரன்சன் கொண்டுவந்தது கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் ஆய்வகத்தில். ஹாஸ்டல்ல இதை மட்டும் யாரும் மறக்க மாட்டாங்க.)

அந்த 4.6-மே அவ்வளவு சுத்தமான எண் இல்ல. கேசின் என்பது நாலு வகைப் புரதம் சேர்ந்த கூட்டம். ஒவ்வொண்ணுக்கும் தனிப் புள்ளி. 4.6 என்பது அந்தக் கூட்டம் மொத்தமா நல்லா படியற இடம். போதாததுக்கு, கரைதிறன் குறைவான இடமும் மின்னூட்டம் பூஜ்யமாகிற இடமும் எப்பவும் அச்சு அசலா ஒண்ணா இருக்காது. கரைசலில் உப்பு இருந்தா தள்ளிப் போகும். அப்போ 4.9 வந்த பையன் தப்பா செஞ்சான்னு எதை வெச்சு சொல்றது? மீட்டரை 4, 7 பஃபர்ல சரிபார்த்தானான்னுதானே முதல்ல கேக்கணும்!

புள்ளி ரெண்டுல என்ன வந்துடப் போகுதுன்னு கேட்டா, 1949-ஐப் பாருங்க. அரிவாள் செல் நோயாளியின் ஹீமோகுளோபினுக்கும் சாதாரண ஹீமோகுளோபினுக்கும் ஐசோஎலக்ட்ரிக் புள்ளியில் சுமார் 0.2 வித்தியாசம்னு பாலிங் குழு காட்டுச்சு. அந்தச் சின்ன வித்தியாசத்தை வெச்சுத்தான் ஒரு நோய்க்கு மூலக்கூறு அளவில் காரணம் இருக்க முடியும்னு உலகம் புரிஞ்சுக்கிட்டுது. நம்ம நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்தக் கூறு இருக்குன்னு 1952-லேயே பதிவாச்சு. பிறந்த குழந்தையின் ஒரு சொட்டு ரத்தத்தில் இதைக் கண்டுபிடிக்க இன்னைக்கும் ஐசோஎலக்ட்ரிக் ஃபோகசிங் பயன்படுது. ஜெல்லில் பிஹெச் சரிவு அமைச்சு மின்சாரம் விட்டா, ஒவ்வொரு புரதமும் தன் புள்ளிக்கு ஓடிப் போய் நிக்கும்.

என் யோசனை இது: கேசினை விட்டுட்டு தவிட்டை எடுப்போம். டெல்டாவில் லேபுக்கு வெளியே எட்டிப் பார்த்தா ரைஸ் மில். நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சிக்குன்னு 1967-ல் தொடங்கின மையம்தான் இன்னைக்குத் தஞ்சாவூர் நிஃப்டெம். எண்ணெய் எடுத்த தவிடு மாட்டுக்கும் கோழிக்கும் தீவனமாகுது. அதில் நல்ல புரதம் இருக்கு. எண்ணெய் நீக்கி, காரத்தில் கரைச்சு, அமிலம் விட்டு 4.5 பக்கத்தில் படிய வைக்கிறது வழக்கமான முறை.

ஆனா நம்ம மில்களில் புழுங்கல் நிறைய. நெல்லை அவிக்கும்போதே புரதம் சூட்டில் உருக்குலைஞ்சிடும், கரையறதும் குறையும். அதே சூடு லைபேஸ் நொதியையும் அழிக்கிறதால இந்தத் தவிடு பச்சரிசித் தவிடு மாதிரி சீக்கிரம் காறாது. மில்காரருக்கு லாபம், லேபில் இருக்கிறவனுக்குத் தலைவலி. பச்சரிசித் தவிட்டின் கர்வும் புழுங்கல் தவிட்டின் கர்வும் எங்கெங்கே தாழும், எது தட்டையாகும்? மேனுவலைப் புரட்டினா கிடைக்காது.

ஃபோகசிங் கருவி விலைன்னு சொல்வாங்க. வேண்டாமே. பிஹெச் 3-லிருந்து 6 வரை பத்து டெஸ்ட் ட்யூப், ஒரு சென்ட்ரிஃப்யூஜ், மேலே தெளிஞ்ச நீரில் மிச்சமிருக்கும் புரதத்தை அளக்க லோரி முறை, ஒரு கலரிமீட்டர். எல்லாம் ஏற்கெனவே அலமாரியில் இருக்கிறதுதான். மூணு மணி நேரத்தில் முடியாது, உண்மை. ரெண்டு வாரமா பிரிச்சுக்கலாம். மார்க்கையும் எண்ணுக்குப் போடாம கர்வுக்குப் போடணும். வைவாவில் "உன் விடை என்ன?"ன்னு கேக்கறதுக்குப் பதிலா "உன் கர்வ் ஏன் பக்கத்து பேட்ச் மாதிரி இல்ல?"ன்னு கேக்கணும்.

கால் கிலோ தவிட்டுக்கு எந்த மில்லும் நம்மகிட்ட காசு கேக்காது.